‘புட் ஆன்’ என்பதற்கு ‘புட் ஆஃப்’ எதிராகாதது ஏன்? ஆங்கிலக் கூட்டுவினைகளின் எதிர்ச்சொற்கள்: ஒரு விளக்கம்

ஆங்கிலம் படிக்காதவர்களும் நாள்தோறும் பலமுறை சொல்லும் ஆங்கிலச் சொற்களில் ‘ஆன்’, ‘ஆஃப்’ இரண்டும் உண்டு. மின்விசிறியை ‘ஆன் பண்ணு’ என்கிறோம், ‘ஆஃப் பண்ணு’ என்கிறோம். கணினி வந்த பிறகு ‘லாக் இன்’, ‘லாக் அவுட்’ வந்து சேர்ந்தன. தங்கும் விடுதிகளிலிருந்து ‘செக் இன்’, ‘செக் அவுட்’ வந்தன. இவை எல்லாமே நம்மிடம் இணை இணையாக வந்து சேர்ந்ததால், யாரும் கற்றுத்தராமலேயே ஒரு விதி மனத்தில் பதிந்துவிட்டது. ‘ஆன்’ இருக்கும் இடத்தில் ‘ஆஃப்’, ‘இன்’ இருக்கும் இடத்தில் ‘அவுட்’, ‘அப்’ இருக்கும் இடத்தில் ‘டவுன்’ போட்டால் எதிர்ப்பொருள் கிடைத்துவிடும் என்பதே அந்த விதி.

சட்டையை அணிவதற்கு ஆங்கிலத்தில் ‘புட் ஆன்’ என்பார்கள். மேற்கண்ட விதிப்படி கழற்றுவதற்கு ‘புட் ஆஃப்’ என்று வரவேண்டும். ஆனால் ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடுவது; சட்டையைக் கழற்றுவது ‘டேக் ஆஃப்’. தள்ளிப்போடுவதற்கு எதிராக ஒரு நிகழ்ச்சியை முன்கூட்டி நடத்துவது ‘பிரிங் ஃபார்வர்டு’. அதாவது ‘புட் ஆன்’, ‘புட் ஆஃப்’ இரண்டுக்கும் எதிர்ச்சொல் உண்டு. ஒன்றுக்கொன்று எதிராக மட்டும் அவை இல்லை. மாணவர்கள் இதை ஆங்கிலத்தின் விளங்காத பிடிவாதம் என்று எண்ணி, பட்டியல்களை மனப்பாடம் செய்யத் தொடங்குகிறார்கள். பட்டியல் இன்றிப் புரிந்துகொள்ளக் கூடிய ஓர் ஒழுங்கு இதில் இருக்கிறது.

கூட்டுவினை என்றால் என்ன?

ஆங்கில இலக்கணத்தில் ‘ஃப்ரேசல் வெர்ப்’ எனப்படுவதை இக்கட்டுரையில் கூட்டுவினை என்று அழைப்போம். ‘புட்’, ‘டேக்’, ‘டர்ன்’, ‘கெட்’ போன்ற எளிய வினை ஒன்றும், ‘ஆன்’, ‘ஆஃப்’, ‘அப்’, ‘டவுன்’, ‘இன்’, ‘அவுட்’ போன்ற சிறு சொல் ஒன்றும் சேர்ந்து ஒரே பொருளைத் தருவதே கூட்டுவினை. அந்தச் சிறு சொல்லைத் துணைச்சொல் எனலாம்.

பெயர் பிற்காலத்தது; பொருள் மிகப் பழையது. எழுத்தாளர் லோகன் பியர்சால் ஸ்மித் 1925-ல் வெளியிட்ட நூலில் ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்ற பெயரைப் பயன்படுத்தி, அதைத் தமக்குச் சொன்னவர் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியர்களுள் ஒருவரான ஹென்றி பிராட்லி என்று குறிப்பிட்டார். அதற்கு 170 ஆண்டுகளுக்கு முன்பே, 1755-ல் வெளிவந்த தம் அகராதியின் முன்னுரையில் சாமுவேல் ஜான்சன் இந்த வகைச் சொற்களைத் தனியே எடுத்துப் பேசியிருக்கிறார். ஆங்கிலம் கற்கும் பிற நாட்டாருக்குப் பெரும் இடர் தருவது இதுவே என்பது அவர் கருத்து. அவர் அங்கே தரும் எடுத்துக்காட்டுகள் நம் கேள்விக்கு நேராகப் பொருந்துகின்றன. ‘ஃபால் ஆன்’ என்றால் தாக்குதல். ‘ஃபால் ஆஃப்’ என்றால் கொண்ட நம்பிக்கையைத் துறத்தல். ‘ஃபால் இன்’ என்றால் இணங்கிப் போதல். ஒரே வினையோடு ‘ஆன்’, ‘ஆஃப்’ இரண்டும் சேர்ந்திருக்கின்றன; ஆனால் தாக்குதலும் துறத்தலும் எதிர்ப்பொருள் கொண்டவை அல்ல. ஆங்கிலேயரே தம் மொழியைத் தொகுத்து அடுக்கத் தொடங்கிய காலத்திலேயே இந்தச் சிக்கல் கண்ணில் பட்டிருக்கிறது.

தமிழின் ‘போடு’ தரும் விளக்கம்

இதைப் புரிந்துகொள்ள நமக்கு ஆங்கில இலக்கண நூல் தேவையில்லை. ‘போடு’ என்ற தமிழ் வினையை எடுத்துக்கொண்டால் போதும்.

சட்டை போடு என்பதற்கு எதிர் கழற்று. விளக்கைப் போடு என்பதற்கு எதிர் அணை. பூட்டைப் போடு என்பதற்கு எதிர் திற. கோலம் போடு என்பதற்கு எதிர் அழி. வங்கியில் பணம் போடு என்பதற்கு எதிர் எடு. சண்டை போடு என்பதற்கு எதிர் சமாதானமாகு. கையெழுத்துப் போடு என்பதற்கு எதிர்ச்சொல்லே இல்லை. ‘போடு’ என்பதற்கு எதிர்ச்சொல் என்ன என்று ஒரு குழந்தை கேட்டால், எதைப் போடுவது என்றுதான் நாம் திருப்பிக் கேட்போம். ஆங்கிலத்தில் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்க மறந்துவிடுகிறோம். கூட்டுவினைகளின் எதிர்ச்சொல் குறித்த குழப்பத்தில் பெரும்பகுதி இந்த மறதியிலிருந்தே வருகிறது.

இன்னோர் ஒப்புமையும் உண்டு. தமிழில் முதல்வினையோடு ‘விடு’ என்ற துணைவினை சேர்ந்தால், செயல் முழுமையாக முடிந்தது என்ற பொருள் கூடுகிறது: ‘சாப்பிட்டான்’, ‘சாப்பிட்டுவிட்டான்’. ஆங்கிலத்தில் ‘அப்’ பல இடங்களில் இதே வேலையைச் செய்கிறது. ‘ஈட் அப்’ என்றால் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிடு, ‘டிரிங்க் அப்’ என்றால் குடித்துவிடு, ‘யூஸ் அப்’ என்றால் தீர்த்துவிடு. இங்கே ‘அப்’ மேலே என்ற திசையைக் குறிக்கவில்லை. அதனால் ‘ஈட் டவுன்’ என்று ஒன்று இருக்க வழியில்லை. ‘சாப்பிட்டுவிட்டான்’ என்பதில் உள்ள ‘விட்டான்’ என்ற பகுதிக்குத் தனியாக எதிர்ச்சொல் தேடுவது எப்படிப் பொருளற்றதோ, அப்படியே இதுவும்.

எதிர்ச்சொல் வேறு, எதிர்மறை வேறு

‘வந்தான்’ என்பதற்கு ‘வரவில்லை’ எதிர்மறை, ‘போனான்’ எதிர்ச்சொல். எதிர்மறை ஒரு செயல் நிகழவில்லை என்கிறது. எதிர்ச்சொல் வேறொரு செயல் நிகழ்ந்தது என்கிறது. இந்த வேறுபாட்டைத் தெளிவாக வைத்துக்கொள்ளாவிட்டால் கூட்டுவினைகளில் தடுமாற நேரும்.

‘கிவ் அப்’ என்றால் முயற்சியைக் கைவிடுதல். ‘கைவிடவில்லை’ என்பது வெறும் எதிர்மறை. தொடர்ந்து முயல்வதைக் குறிக்கும் ‘கீப் ஆன்’, ‘கேரி ஆன்’ போன்றவை எதிர்ச்சொற்கள். அதே ‘கிவ் அப்’ ஒரு பழக்கத்தை விடுவதைக் குறிக்கும்போது எதிர்ச்சொல் மாறிவிடும்: புகைபிடிப்பதை விடுவது ‘கிவ் அப்’ என்றால், அந்தப் பழக்கத்தைத் தொடங்குவது ‘டேக் அப்’. இங்கே இரண்டிலும் ‘அப்’ இருக்கிறது. துணைச்சொல் அப்படியே நிற்க, வினை மட்டும் புரண்டு எதிர்ப்பொருள் தருகிறது. கொடுத்தலும் எடுத்தலும் எதிரெதிர் என்பது தமிழில் நினைத்தாலும் விளங்கும்.

எதிர்ச்சொற்களும் ஒரே வகையானவை அல்ல. கூட்டுவினைகளைப் பொறுத்தவரை கீழ்க்காணும் நான்கைப் பிரித்தறிந்தால் போதுமானது.

1. இடைநிலை இல்லாதவை. விளக்கு எரியும், அல்லது எரியாது. ‘ஸ்விட்ச் ஆன்’, ‘ஸ்விட்ச் ஆஃப்’ இந்த வகை.

2. அளவில் ஏறி இறங்குபவை. ‘ஸ்பீடு அப்’ என்றால் வேகம் கூட்டுதல், ‘ஸ்லோ டவுன்’ என்றால் குறைத்தல். இரண்டுக்கும் நடுவே பல நிலைகள் உண்டு.

3. செய்ததை அழித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவருபவை. அணிதல், கழற்றுதல்; கூடாரத்தை அமைக்கும் ‘புட் அப்’, பிரித்து இறக்கும் ‘டேக் டவுன்’. கூட்டுவினைகளில் மிகுதியாக இருப்பவை இவையே.

4. ஒரே நிகழ்வை இரு பக்கங்களிலிருந்து பார்ப்பவை. பொறுப்பை ஒப்படைப்பவருக்கு ‘ஹேண்ட் ஓவர்’, அதே பொறுப்பை ஏற்பவருக்கு ‘டேக் ஓவர்’. இவை ஒன்றையொன்று அழிப்பதில்லை. ஒன்று நடந்தால்தான் மற்றதும் நடக்கும்.

மூன்றாம் வகை ஏன் தொல்லை தருகிறது என்பது இங்கே விளங்கும். ஒரு செயலை அழிக்க வேண்டுமானால், பொருளை வைத்த கையே அதை எடுக்கவும் வேண்டும். வைத்தல் ‘புட்’, எடுத்தல் ‘டேக்’. உடலின் மேல் வைத்தது ‘ஆன்’. உடலிலிருந்து பிரிந்தது ‘ஆஃப்’. எனவே வினை, துணைச்சொல் இரண்டுமே மாறி ‘புட் ஆன்’ என்பதற்கு ‘டேக் ஆஃப்’ எதிராகிறது. இது விதிவிலக்கு போலத் தோன்றினாலும், ஒழுங்கு தவறாத அமைப்பு. கீழே கிடப்பதை எடுக்கும் ‘பிக் அப்’, கீழே வைக்கும் ‘புட் டவுன்’ ஆகியவையும் இப்படியே இரண்டு பகுதிகளும் புரண்டவை. ‘ஸ்விட்ச்’, ‘டர்ன்’ போன்ற வினைகளுக்குத் தமக்கென்று ஒரு திசை இல்லை. குமிழைத் திருப்புவது இரண்டு பக்கமும் திருப்புவதுதான். அதனால்தான் அங்கே துணைச்சொல்லை மட்டும் மாற்றினால் போதுமானதாக இருக்கிறது. நாம் முதலில் கற்றவை இத்தகைய திசையற்ற வினைகளாக அமைந்துபோனதே தவறான விதி மனத்தில் பதியக் காரணம்.

துணைச்சொல்லை மாற்றியும் பொருள் மாறாத இடங்கள்

துணைச்சொல் எதிராக மாறியும் பொருள் எதிராகாமல், ஏறத்தாழ அப்படியே நிற்கும் இணைகளும் உண்டு.

1. படிவத்தை நிரப்புவது ‘ஃபில் இன்’ எனவும்படும், ‘ஃபில் அவுட்’ எனவும்படும். பிரிட்டனில் முன்னது மிகுதி, அமெரிக்காவில் பின்னது மிகுதி. படிவத்தில் உள்ள வெற்றிடத்துக்குள் எழுதுவதாகப் பார்த்தால் ‘இன்’. படிவம் முழுதும் விரிந்து நிரம்புவதாகப் பார்த்தால் ‘அவுட்’.

2. வீடு தீயில் அழிந்தால் ‘பர்ன் டவுன்’. காகிதம் எரிந்து தீர்ந்தால் ‘பர்ன் அப்’. கட்டடம் தரைமட்டமாவதால் கீழ்நோக்கிய சொல். முற்றும் தீர்ந்துபோவதால் ‘அப்’.

3. ‘ஸ்லோ டவுன்’ போலவே ‘ஸ்லோ அப்’ என்பதும் வேகத்தைக் குறைத்தலையே சுட்டும்.

4. ‘லாக் அப்’ என்றால் பூட்டி வைத்தல் அல்லது சிறையில் அடைத்தல். ‘லாக் டவுன்’ என்றால் யாரும் வெளியே வராதபடி முடக்குதல். இரண்டும் அடைப்பதே.

இன்னும் சற்று நின்று பார்க்க வேண்டியது ‘கோ ஆஃப்’ என்ற கூட்டுவினை. விளக்குகள் ‘கோ ஆஃப்’ ஆயின என்றால் அணைந்துவிட்டன. அலாரம் ‘கோ ஆஃப்’ ஆயிற்று என்றால் ஒலிக்கத் தொடங்கிவிட்டது. ஒரே சொல் ஓரிடத்தில் நிற்பதையும் மற்றோரிடத்தில் தொடங்குவதையும் குறிக்கிறது. துப்பாக்கியும் வெடிகுண்டும் வெடிப்பதற்கு இதே சொல் வழங்குவதை நினைத்தால் காரணம் தென்படும்: அடக்கி வைத்திருந்த ஒன்று பிடியிலிருந்து விடுபட்டுக் கிளம்புகிறது. ‘ஆஃப்’ என்பதன் ஆழத்தில் இருப்பது அணைதல் அன்று, பிரிதல். விளக்கு மின்சாரத்திலிருந்து பிரிந்தால் அணைகிறது. வெடி பிடிப்பிலிருந்து பிரிந்தால் வெடிக்கிறது. விமானம் தரையிலிருந்து பிரிந்தால் பறக்கிறது. சுவிட்சின் வழியாக ‘ஆஃப்’ என்ற சொல்லை அறிந்த நமக்கு அணைதல் மட்டுமே முதன்மையாகத் தெரிவதால், அலாரம் ‘ஆஃப்’ ஆகி ஒலிப்பது விந்தையாகப் படுகிறது.

ஒரு கூட்டுவினை, பல எதிர்கள்

‘டேக் ஆஃப்’ என்பதை எடுத்துக்கொள்வோம். சட்டையைப் பற்றியதானால் எதிர் ‘புட் ஆன்’. விமானத்தைப் பற்றியதானால் எதிர் ‘லேண்ட்’. அது துணைச்சொல் இல்லாத தனி வினை. விலையில் ஒரு தொகையைக் கழிப்பதானால் எதிர் ‘ஆட் ஆன்’. வேலைக்கு விடுப்பு எடுப்பதானால் எதிர், வேலைக்குப் போவது. அதற்கென ஒரு கூட்டுவினை இல்லை. ஒருவரைப் போல நடித்துக் காட்டுவது என்ற பொருளும் இதற்கு உண்டு. அந்தப் பொருளுக்கு எதிரே இல்லை.

தையற்கடையில் வழங்கும் நான்கு கூட்டுவினைகள் இந்த உண்மையை மிக அழகாகக் காட்டுகின்றன. ஆடை இடுப்பில் தளர்வாக இருந்தால் பிடித்துத் தைக்கச் சொல்வோம். ஆங்கிலத்தில் அது ‘டேக் இன்’. இறுக்கமாக இருந்தால் தையலைப் பிரித்து விடச் சொல்வோம். அது ‘லெட் அவுட்’. நீளம் மிகுந்தால் மடித்து உயர்த்துவது ‘டேக் அப்’. குறைந்தால் மடிப்பைப் பிரித்து இறக்குவது ‘லெட் டவுன்’. ‘டேக்’ என்பதற்கு ‘லெட்’ எதிராகவும், ‘இன்’ என்பதற்கு ‘அவுட்’, ‘அப்’ என்பதற்கு ‘டவுன்’ எதிராகவும் நிற்கும் முழுமையான நான்கு சொல் தொகுதி இது. பிடித்தலும் விடுதலும் எதிர் என்பது தமிழ்த் தையற்காரரின் பேச்சிலும் அப்படியே இருக்கிறது.

தையற்கடையை விட்டு வெளியே வந்தால் இதே நான்கு சொற்களும் உறவை முறித்துக்கொள்கின்றன. ஒருவரை நம்பவைத்து ஏமாற்றுவதும் ‘டேக் இன்’. அதற்கு எதிர், ஏமாறாமல் உள்நோக்கத்தைக் கண்டுகொள்வதைக் குறிக்கும் ‘சீ த்ரூ’. நம்பியவரை ஏமாற்றமடையச் செய்வது ‘லெட் டவுன்’. அதற்கு எதிர், எதிர்பார்ப்புக்கு ஏற்ப நடந்துகொள்வதைக் குறிக்கும் ‘லிவ் அப் டு’. மறைத்து வைத்த செய்தியை வெளியே விடுவதும் ‘லெட் அவுட்’. அதற்கு எதிர், வாய் திறவாமல் காத்துவைப்பது. எதிர்ச்சொல் உறவு சொல்லோடு பிணைந்திருந்தால் எங்கு போனாலும் கூடவே வந்திருக்க வேண்டும். அப்படி வராததால், அது சொல்லின் உருவத்தோடு அன்றி, சொல் ஓரிடத்தில் ஏற்கும் பொருளோடு பிணைந்தது என்று தெளிகிறது.

‘டர்ன் டவுன்’ இன்னொரு நல்ல சான்று. ஒலியைக் குறைப்பதானால் ‘டர்ன் அப்’ எதிர். வந்த வேலைவாய்ப்பை மறுப்பதானால் ‘டேக் அப்’ அல்லது ‘அக்செப்ட்’ எதிர். ‘டர்ன் அப்’ என்பதற்கு, எதிர்பாராமல் வந்து சேர்தல் என்ற பொருளும் இருப்பதால், ‘வேலையை டர்ன் டவுன் செய்தார்’ என்பதற்கு எதிராக ‘வேலைக்கு டர்ன் அப் ஆனார்’ என்று எழுதினால், வேலையை ஏற்றார் என்பதற்குப் பதில் அன்று வேலைக்கு வந்திருந்தார் என்று பொருள்பட்டுவிடும்.

செய்திகளில் குழப்பும் இணைகள்

நிறுவனங்கள் ஆட்களைக் குறைப்பதை ‘லே ஆஃப்’ என்று செய்திகள் சொல்கின்றன. ஆள் எடுப்பது ‘லே ஆன்’ ஆகாது. அது ‘டேக் ஆன்’. ‘லே ஆன்’ என்றால் விருந்து, வண்டி போன்றவற்றை ஏற்பாடு செய்து தருவது. விண்வெளிப் பயணச் செய்திகளில் வரும் ‘லிஃப்ட் ஆஃப்’ என்பதற்கு எதிர் ‘டச் டவுன்’: 2023 ஜூலை 14 அன்று புறப்பட்ட சந்திரயான்-3, ஆகஸ்ட் 23 அன்று நிலவில் தரையிறங்கியபோது இந்த இரு சொற்களும் நம் தொலைக்காட்சிகளில் ஒலித்தன. பிரிதலுக்கு எதிராக இங்கே வருவது தொடுதல்.

2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ‘லாக் டவுன்’ நடைமுறையில் இருந்தது. அதைத் தளர்த்தும்போது என்ன பெயர் வைப்பது? ஆங்கிலத்தில் இயல்பாக வழங்குவது ‘ஓப்பன் அப்’. இந்திய அரசு ஜூன் 1 முதல் தொடங்கிய கட்டத்துக்கு ‘அன்லாக் 1.0’ என்று பெயரிட்டது. துணைச்சொல்லைக் கைவிட்டு, ‘அன்’ என்ற முன்னொட்டால் செயலை அழித்துக் காட்டும் வழி அது. இதுவும் எதிர்ச்சொல் ஆக்கும் முறையான வழியே. மூன்றாம் வகையைச் சேர்ந்தது.

இவை எல்லாவற்றையும்விடப் பொதுமக்களை உண்மையாகவே கலங்கவைத்த இணை ‘பெயில் அவுட்’, ‘பெயில் இன்’ என்பதாகும். மூழ்கும் நிலையிலுள்ள நிறுவனத்தை வெளியிலிருந்து பணம் கொடுத்து மீட்பது ‘பெயில் அவுட்’. இதற்கு இயல்பான எதிர், மீட்காமல் விழவிடுவது. 2008 செப்டம்பரில் அடுத்தடுத்த இரண்டு நாட்களில் இரண்டையும் உலகம் கண்டது. 15-ஆம் தேதி அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் நிறுவனம் மீட்பாரின்றி திவால் மனு அளித்தது. 16-ஆம் தேதி ஏஐஜி காப்பீட்டு நிறுவனத்துக்கு அமெரிக்க மைய வங்கி 8,500 கோடி டாலர் வரை கடன் தர முன்வந்தது. முன்னது விழவிடப்பட்டது, பின்னது மீட்கப்பட்டது. பொருளளவில் இதுதான் எதிர்.

‘பெயில் இன்’ என்பதோ, ‘பெயில் அவுட்’ என்பதைப் பார்த்து நிதித்துறையினர் ஆக்கிக்கொண்ட சொல். அதிலும் வங்கி மீட்கப்படவே செய்கிறது. வேறுபாடு பணம் எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. ‘அவுட்’ என்றால் வெளியிலிருந்து, அதாவது அரசின் வரிப்பணத்திலிருந்து. ‘இன்’ என்றால் உள்ளிருந்து, அதாவது அந்த வங்கிக்குக் கடன் கொடுத்தவர்களிடமிருந்து. வங்கியில் பணம் போட்டவர்களும் வங்கிக்குக் கடன் கொடுத்தவர்களே. 2013-ல் சைப்ரசின் இரு பெரிய வங்கிகளில் 1,00,000 யூரோவுக்கு மேற்பட்ட வைப்புகள்மீது இந்த முறையில் இழப்பு சுமத்தப்பட்டது. இந்தியாவில் 2017 ஆகஸ்டில் மக்களவையில் அறிமுகமான நிதித் தீர்வு மற்றும் வைப்புக் காப்பீட்டு மசோதாவில் ‘பெயில் இன்’ பிரிவு இருப்பது தெரியவந்ததும், சேமிப்பு பறிபோகுமோ என்ற அச்சம் நாடெங்கும் பரவியது. காப்பீடு பெற்ற வைப்புத்தொகைக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்ற போதிலும், அன்றைய காப்பீட்டு வரம்பு 1 லட்சம் ரூபாய் மட்டுமே என்பதால் கவலை தணியவில்லை. 2018 ஆகஸ்டில் மசோதா திரும்பப் பெறப்பட்டது. காப்பீட்டு வரம்பு 2020 பிப்ரவரியில் 5 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. மசோதாவின் நன்மை தீமை தனிக்கேள்வி. சொல்லைப் பொறுத்தவரை, எதிர்த் துணைச்சொல்லைக் கண்டதும் எதிர் விளைவை எண்ணிக்கொண்டவர்களுக்கு, வங்கி மீள்வதும் தம் பணம் குறைவதும் ஒரே செயலில் நிகழக்கூடும் என்பது எளிதில் புலப்பட்டிருக்காது.

காலத்தை நகர்த்தும் சொற்களில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கே குழப்பம் உண்டு. ‘அடுத்த புதன்கிழமைக் கூட்டம் 2 நாள் ஃபார்வர்டு நகர்த்தப்பட்டுள்ளது, அது எந்த நாளில் நடக்கும்?’ என்ற கேள்வியை உளவியலாளர்கள் லேரா போரோடிட்ஸ்கி, மைக்கேல் ராம்ஸ்கர் ஆகியோர் விமான நிலையத்தில் இருந்தவர்களிடம் கேட்டு, 2002-ல் முடிவுகளை வெளியிட்டனர். சிலர் திங்கள் என்றனர், சிலர் வெள்ளி என்றனர். அப்போதுதான் விமானத்தில் வந்திறங்கியவர்கள், யாரையோ வரவேற்கக் காத்திருந்தவர்களைவிட மிகுதியாக வெள்ளி என்று விடையளித்தனர். தாம் முன்னேறிச் செல்வதாக உணர்பவருக்கு ‘ஃபார்வர்டு’ என்பது எதிர்காலத்தை நோக்கியது. காலம் தம்மை நோக்கி வருவதாக உணர்பவருக்கு அது தம் பக்கம் நெருங்குவது. இந்த ஐயத்துக்கு இடம் தராத ‘பிரிங் ஃபார்வர்டு’ என்பதைக் கையாள்வது நல்லது. ‘பிரிங்’ என்பதில் நம்மை நோக்கிக் கொண்டுவருதல் என்ற பொருள் இருப்பதால், அது முன்கூட்டி நடத்துவதையே குறிக்கும். இந்திய ஆங்கிலத்தில் இதற்கு ‘ப்ரீபோன்’ என்ற ஒரே சொல் இருக்கிறது. ‘போஸ்ட்போன்’ என்பதற்கு நேர் எதிராகத் தெளிவாக நிற்கும் சொல் அது. அதைப் பிழையென்று ஏளனம் செய்வோருடன் என்னால் உடன்பட முடியவில்லை. பிற நாட்டாருக்கு எழுதும்போது மட்டும் ‘பிரிங் ஃபார்வர்டு’ என்று எழுதினால் போதும்.

ஏறுவதும் இறங்குவதும்

தமிழில் பேருந்தானாலும் ஆட்டோவானாலும் ஏறுகிறோம், இறங்குகிறோம். ஆங்கிலத்தில் பேருந்து, ரயில், கப்பல், விமானம் ஆகியவற்றுக்கு ‘கெட் ஆன்’, ‘கெட் ஆஃப்’. கார், ஆட்டோ, டாக்சி ஆகியவற்றுக்கு ‘கெட் இன்’, ‘கெட் அவுட்’. உள்ளே நின்று நடக்க இடமிருந்தால் முதல் இணை, குனிந்து புகுந்து உட்கார வேண்டியிருந்தால் இரண்டாவது இணை என்று நினைவில் கொள்ளலாம். சைக்கிளும் குதிரையும் மேலே அமர்பவை என்பதால் முதல் இணையைச் சேரும். இங்கே எதிர்ச்சொல் எளிது. ஆனால் தொடக்கத்தில் தவறான இணையைத் தேர்ந்தால் முடிவும் தவறாகும்.

எதிர் இல்லாதவை

எல்லாக் கூட்டுவினைக்கும் எதிர்ச்சொல் இருந்தாக வேண்டும் என்பதில்லை. எதிர்பாராமல் ஒருவரைச் சந்திக்கும் ‘ரன் இன்டூ’ என்பதற்கு எதிர் எதுவாக இருக்க முடியும்? பெற்றோரின் சாயலைக் கொண்டிருக்கும் ‘டேக் ஆஃப்டர்’ என்பதும் அப்படியே. நிலைமாற்றம் எதையும் குறிக்காத சொல்லுக்கு, மாற்றத்தை அழிக்கும் சொல்லும் இராது.

‘பாஸ் அவுட்’ என்பதில் மட்டும் இந்தியர்கள் விழிப்பாக இருக்க வேண்டும். நாம் கல்லூரியில் படித்து முடித்ததை இப்படிச் சொல்கிறோம். பிரிட்டனில் படைப்பயிற்சி முடித்து வெளியேறுவதற்கும் இச்சொல் உண்டு. ஆனால் ஆங்கிலேயருக்கும் அமெரிக்கருக்கும் இதன் முதற்பொருள் மயங்கி விழுதல். எதிர்ச்சொல், மயக்கம் தெளிதலைக் குறிக்கும் ‘கம் ரவுண்ட்’ அல்லது ‘கம் டு’.

எதிரைத் தேடும் முறை

1. கூட்டுவினையைத் தனியே வைத்துக்கொள்ளாமல் ஒரு முழு வாக்கியத்தில் அமையுங்கள். எதை, யார் என்பது வாக்கியத்தில் இருக்க வேண்டும்.

2. அந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார்த்து, தமிழில் எதிர் என்னவென்று கண்டுகொள்ளுங்கள். ‘கூட்டத்தை ஒத்திவைத்தார்’ என்றால் ‘முன்கூட்டி நடத்தினார்’. ‘தீயை அணைத்தார்’ என்றால் ‘மூட்டினார்’.

3. அந்தத் தமிழ்ப் பொருளுக்கு உரிய ஆங்கிலச் சொல்லை அகராதியில் தேடுங்கள். அது கூட்டுவினையாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். தீயை அணைக்கும் ‘புட் அவுட்’ என்பதற்கு எதிர் ‘லைட்’ என்ற ஒற்றைச் சொல்லே.

4. கிடைத்த சொல்லை முதல் வாக்கியத்தின் அதே இடத்தில் வைத்துப் பாருங்கள். மற்றச் சொற்கள் மாறாமல் வாக்கியம் பொருந்தினால்தான் அது எதிர்ச்சொல்.

வினாத்தாள் அமைப்பவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. ‘டர்ன் டவுன் என்பதன் எதிர்ச்சொல் எழுதுக’ என்று வாக்கியமின்றிக் கேட்பது, ‘போடு என்பதன் எதிர்ச்சொல் எழுதுக’ என்று தமிழ்த் தேர்வில் கேட்பதற்குச் சமம். ‘டர்ன் அப்’ என்று எழுதிய மாணவர் ஒலியை நினைத்திருப்பார், ‘அக்செப்ட்’ என்று எழுதியவர் வேலையை நினைத்திருப்பார். இருவர் விடையும் சரி. விடைக்குறிப்பில் ஒன்று மட்டும் இருந்தால் மற்றவர் மதிப்பெண்ணை இழப்பார். கேள்வியோடு ஒற்றை வரி வாக்கியம் ஒன்றைச் சேர்த்துவிட்டால் அந்த இழப்பு நேராது.